கடல்காற்றுக்கு டை காஸ்டிங்: முதலில் உலோகம், அப்புறம் டை

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் கிடக்கும் அலுமினிய வார்ப்புப் பாகங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மோட்டார் மூடி, விளக்கு உறை, பம்ப் பாடி, கைப்பிடி. பெயின்ட் கொப்பளித்து எழும்பிய இடத்தை நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். பொடிக்கு அடியில் உலோகம் குழி குழியாக அரித்திருக்கும். பழி பெயின்ட் அடித்தவர் தலையில் விழும். பல நேரம் குற்றம் அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும்: கடலோரத்தில் நிற்க வேண்டிய பாகத்தைச் செம்பு கலந்த அலுமினியத்தில் ஊற்றியிருப்பார்கள்.

ஒரு பாகத்தைப் புதிதாக வார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன் மெஷின் வேணும்?" என்றோ "டைக்கு எவ்வளவு ஆகும்?" என்றோதான் இருக்கிறது (டை என்பது திரும்பத் திரும்ப வார்க்க உதவும் உலோக அச்சு; டன் என்பது அதை மூடிப் பிடிக்கும் மெஷினின் விசை). நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வரிசையை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாகம் எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டால் உலோகம் முடிவாகும். வருஷத்துக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டால் முறை முடிவாகும். டை வரைபடம் அதற்குப் பிறகு.

எந்த அலுமினியம்

சந்தையில் எளிதாகக் கிடைப்பது ஏ.டி.சி.12. பிரஷர் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை மெஷின் அழுத்தத்தில் டைக்குள் அடிப்பது) கடைகளில் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். சிலிக்கான் 9.6 முதல் 12%, செம்பு 1.5 முதல் 3.5%, இரும்பு 1.3% வரை. நன்றாக ஓடும், மெல்லிய சுவரை நிரப்பும், டையில் ஒட்டாது, கடைசலுக்கு நல்லது. பைக் இன்ஜின் உறைக்கும் கியர் பாக்ஸ் மூடிக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் செம்புதான் உப்புக்காற்றில் எதிரி. உறையும்போது அது அலுமினியத்தோடு சேர்ந்து சிறு சிறு திட்டுகளாகப் படிகிறது. உப்பு ஈரம் மேலே படிந்ததும் ஒவ்வொரு திட்டும் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்னும் குட்டி பேட்டரியாகிவிடும்.

கடலோரத்துக்கு எல்.எம்.6 வேண்டும். சிலிக்கான் 10 முதல் 13%, செம்பு 0.1 சதவீதத்துக்குள். வலிமை சற்றுக் குறைவு. ஹீட் ட்ரீட்மென்ட் செய்து ஏற்றவும் முடியாது. வலிமை கட்டாயம் வேண்டும் என்றால் எல்.எம்.25 இருக்கிறது: சிலிக்கான் 6.5 முதல் 7.5%, கொஞ்சம் மெக்னீசியம், செம்பு மிகக் குறைவு. அதை டி6 ட்ரீட்மென்ட்டில் (நன்கு சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்குவது) ஏற்றிக்கொள்ளலாம்.

எல்.எம்.6 எடுப்பதில் இரண்டு தொல்லைகள் உண்டு. சிலிக்கான் கூடுதலாக இருப்பதால் கடைசலில் டூல் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு டூல் இல்லாமல் இறங்க வேண்டாம். அனோடைஸ் (மின்சாரம் கொண்டு மேலே ஆக்சைடு தோல் வளர்ப்பது) செய்தால் வெள்ளி நிறம் வராது, கரும்பழுப்புச் சாம்பல்தான் வரும். பளபளப்பு கேட்கும் வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

இங்காட் (உருக்குவதற்கான உலோகக் கட்டி) வாங்கும்போது ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தடவை உருக்கியதற்கும், ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் (கலவை விகிதம் சொல்லும் அறிக்கை) கேட்டு வாங்குங்கள். பழைய பிஸ்டனும் கார்பரேட்டரும் கலந்து உருக்கிய இங்காட்டில் எல்.எம்.6 என்று முத்திரை குத்துவது யாராலும் முடியும். ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டிய வரி செம்பு.

எண்ணிக்கையும் முறையும்

மணல் வார்ப்பு, கிராவிட்டி டை, லோ பிரஷர் டை, பிரஷர் டை. ஒரே பாகத்தை நான்கிலும் வார்க்கலாம், நான்கின் கணக்கும் வேறு. என் கைக்கணக்கு இது: வருஷத்துக்குச் சில நூறுதான் என்றால் மணல். ஆயிரம் தொடங்கிச் சில ஆயிரம் வரை, சுவர் 4 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கிராவிட்டி டை, அதாவது உலோகத்தை டைக்குள் ஊற்றித் தன் எடையிலேயே நிரம்ப விடுவது. அதற்கு மேல் போய், சுவரும் 2 முதல் 3 மி.மீ. என்று மெல்லியதாக இருந்தால் பிரஷர் டை. லோ பிரஷர் என்பது 1 பாருக்கும் குறைந்த காற்றழுத்தத்தில் உலோகத்தைக் கீழிருந்து குழாய் வழியே மேலேற்றுவது. கார் வீல் போன்ற வட்டப் பாகங்களுக்கு அருமையான முறை. சிறு பட்டறைக்கு அவசரமாகத் தேவைப்படாது.

பிரஷர் டையிலும் இரண்டு வகை. துத்தநாகக் கலவையான சமாக் 3, சுமார் 385 டிகிரியில் முழுதும் உருகிவிடும். 410 முதல் 430 டிகிரியில் ஊற்றலாம். அதற்கு ஹாட் சேம்பர் மெஷின்: பம்பே உருகிய உலோகத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். அலுமினியத்தில் அப்படிச் செய்ய முடியாது. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால் கோல்டு சேம்பர்: உலை தனி, மெஷின் தனி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒரு தடவை வார்ப்பது) கரண்டியால் ஸ்லீவுக்குள் (பிளஞ்சர் என்னும் தள்ளுதண்டு ஓடும் உருளை) ஊற்ற வேண்டும்.

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டை அளவிலான ஒரு பட்டறையில் எல்.எம்.6 வார்ப்பைத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது கிராவிட்டி டை. கிராவிட்டி டை கைக்கு அடங்கும். தப்பு நேர்ந்தால் நம்மிடம் இருக்கும் லேத்திலும் மில்லிங்கிலும் திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, எல்.எம்.6-இல் இரும்பு 0.6 சதவீதத்துக்குள்தான். பிரஷர் டையில் இரும்பு குறைந்த உலோகம் டையின் எஃகோடு ஒட்டிக்கொள்ளும். முடியாதென்றில்லை, நல்ல டை கோட்டும் (டை முகத்தில் அடிக்கும் பூச்சு) கவனமான கூலிங்கும் வேண்டும்.

உலையும் ஈரமும்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன். ஆனி ஆடிச் சாரல் முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும் ஊர் நம்முடையது. இரண்டு பருவமழையும் நனைக்கும் இடத்தில் அலுமினியம் உருக்குவது உள்நாட்டு வறண்ட ஊரில் உருக்குவது போல இருக்காது.

உருகிய அலுமினியத்தின் மேல் ஈரம் பட்டதும், தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்ளும். விடுபட்ட ஹைட்ரஜன் உலோகத்துக்குள் கரையும். 660 டிகிரியில், உருகிய நிலையில் 100 கிராம் அலுமினியம் சுமார் 0.69 மில்லிலிட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் உறைந்ததும் 0.04 மில்லிலிட்டர்கூட வைத்திருக்க முடியாது. பதினைந்து இருபது பங்கு வாயு வெளியேற வழி தேடும். வழி கிடைக்காதபோது அது பாகத்துக்குள்ளேயே குண்டூசித் தலை அளவு துளைகளாக நிற்கும். மே மாதம் சரியாக வந்த பாகம் ஜூலையில் லீக் டெஸ்டில் விழுந்தால் டையைக் குடைவதற்கு முன் உலைப்பக்கம் போங்கள்.

ஈரம் வரும் வழிகள் பல. தரையில் அடுக்கிய இங்காட், நேற்றைய ரன்னர் (உலோகம் ஓடிவரும் வாய்க்கால்) துண்டுகள், எண்ணெய் ஒட்டிய கடைசல் பொடி, பிரித்த பையில் கிடக்கும் ஃபிளக்ஸ் (கசடு பிரிக்கும் பொடி), டீசல் பர்னரின் புகை. டீசல் எரிந்தாலே நீராவி வரும். சுடர் உலோகத்தின் முகத்தை நேராக நக்கும்படி உலை வைக்கக் கூடாது. இங்காட்டைப் பலகை மேல் அடுக்கி, உலை விளிம்பில் 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, பிறகே உள்ளே விடுங்கள். இது பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். ஈர இங்காட் உருகிய உலோகத்துக்குள் முழுகினால் அடியில் நீராவி வெடித்து மொத்தத்தையும் மேலே தூக்கி எறியும். கரண்டி, கசடு வாரி, தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) உறை எல்லாவற்றுக்கும் இதே சட்டம். தோல் ஏப்ரனும் முகத்தடுப்பும் இல்லாமல் யாரும் உலைப்பக்கம் நிற்கக் கூடாது. செருப்பு அறவே கூடாது.

வெப்பத்தை 760 டிகிரிக்கு மேல் விட வேண்டாம். சூடு ஏற ஏற வாயுவும் கரையும், கசடும் பெருகும். டீகேஸ் செய்ய, அதாவது கரைந்த வாயுவை வெளியேற்ற, பழைய பட்டறைகளில் ஹெக்ஸாகுளோரோஈதேன் மாத்திரையை மணி வடிவ மூடிக்குள் வைத்து அமுக்குவார்கள். அது குளோரின் புகையைக் கக்கும்; ஆளுக்கும் கேடு, கூரைத் தகட்டுக்கும் கேடு. நைட்ரஜன் சிலிண்டரும் சுழலும் கிராஃபைட் தண்டும் ஒரு முறைச் செலவு. நுண்ணிய குமிழாக 8 முதல் 12 நிமிஷம் விட்டால் போதும். மேற்பரப்பு கொதிப்பது போல் பொங்கினால் வாயு அதிகம் விடுகிறீர்கள் என்று பொருள். அந்தப் பொங்கலே காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி உள்ளே இழுக்கும்.

எல்.எம்.6-க்கு மாடிஃபிகேஷன், அதாவது சிலிக்கானை நுண்ணியதாக உறைய வைக்கும் சேர்ப்பு, வேண்டும். இல்லையென்றால் சிலிக்கான் முரட்டுத் தகடுகளாக உறைந்து பாகம் நொறுங்கும் தன்மை பெறும். சோடியம் போடலாம், ஆனால் இருபது நிமிஷத்தில் அதன் குணம் போய்விடும். மெதுவாக ஊற்றும் பட்டறைக்கு 0.02% ஸ்ட்ரான்ஷியம் நிற்கும், அதையே பரிந்துரைப்பேன். முதலில் டீகேஸ், பிறகு மாடிஃபிகேஷன். மாத்திரையில் டீகேஸ் செய்கிறவர் வரிசையை மாற்றினால் குளோரின் சோடியத்தைத் தின்றுவிடும்.

உலோகம் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. ஒரே கரண்டியிலிருந்து இரண்டு சின்னக் கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்று திறந்த காற்றில் உறையட்டும். இன்னொன்றை வேக்கம் அறையில், சுமார் 80 மில்லிபாரில் உறைய விடுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். வாயு நிறைந்த உலோகத்தின் மேல்முகம் பணியாரம் போல் உப்பி எழும். நல்ல உலோகம் நடுவில் குழிந்து இறங்கும். இரண்டையும் நடுவே அறுத்து எமரியில் தேய்த்து லென்ஸில் பாருங்கள். பிறகு அடர்த்தி. காற்றில் 2.64, வேக்கத்தில் 2.55 என்றால் வித்தியாசம் 3.4%. கசியக் கூடாத பாகத்துக்கு அது 2-க்குள் இருக்கட்டும். தராசும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் கணக்குப் போட்டுவிடலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் எதிர்பார்த்து நில்லுங்கள். கரண்ட் போய் மூசையில் (உருக்கும் பாத்திரம்) உலோகம் உறைந்தால், மறுபடி சூடேற்றும்போது உள்ளே இருக்கும் அலுமினியம் மூசையைவிட அதிகமாக விரிந்து அதை விரிசல் விட வைக்கும். உலை நிற்கப்போகிறது என்று தெரிந்தவுடன், சூடாக்கி வைத்த அச்சில் மிச்ச உலோகத்தை வார்த்து மூசையைக் காலி செய்துவிடுங்கள்.

கிராவிட்டி டை: கோட்டும் ஊற்றும் கையும்

டை வார்ப்பிரும்பிலோ எச்.13 என்னும் சூடு தாங்கும் எஃகிலோ இருக்கலாம். சூடு 300 முதல் 400 டிகிரி, உலோகம் 700 முதல் 740 டிகிரி. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வேலை செய்வது டை கோட். டைட்டானியா, சாக், டால்க் போன்ற பொடியைச் சோடியம் சிலிக்கேட் பசையில் கலந்தது. நம் மணவாளக்குறிச்சி மணலிலிருந்து பிரித்தெடுக்கும் சிர்க்கானை மாவாக்கி வார்ப்படச் சாலைகளில் பூசுகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

டையைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்கி, கோட்டை மெல்லிய பனி போல் பல முறை அடிக்க வேண்டும். டை குளிர்ந்திருந்தால் கோட் வழிந்து ஈரம் உள்ளே தங்கும். அதிகச் சூடென்றால் பொடி ஒட்டாமல் தெறிக்கும். பாகம் உருவாகும் முகத்தில் 0.1 மி.மீ., ரைசரிலும் (பாகத்துக்கு உலோகம் ஊட்டும் தேக்கம்) ரன்னரிலும் 0.25 மி.மீ. அல்லது அதற்கும் மேல். ஏன் இந்த வேறுபாடு? அலுமினியம் உறையும்போது கன அளவில் சுமார் 6% சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப ரைசர் கடைசி வரை திரவமாக நிற்க வேண்டும். ரைசர் முகத்தில் கோட் தேய்ந்துபோனால் அது முன்னதாகவே உறைந்துவிடும். பாகத்தின் தடித்த இடத்தில் ஷ்ரிங்கேஜ் குழி விழும். உருவத்தில் எந்தத் தப்பும் இல்லாத டை, மதியத்துக்கு மேல் குழி விழும் பாகம் கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ரைசர் கோட்.

ஊற்றுவதில் ஒரு எண் மனதில் இருக்கட்டும்: விநாடிக்கு அரை மீட்டர். அதைவிட வேகமாக ஓடினால் உலோகத்தின் முகத்தில் உள்ள ஆக்சைடு தோல் மடிந்து உள்ளே போய்விடும், பிறகு அந்த மடிப்பு விரிசல் போலவே நடந்துகொள்ளும். வெறும் 12 மி.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். ஆகவே மேலிருந்து கொட்டாமல், கீழ்ப்பக்கம் கேட் (பாகத்துக்குள் உலோகம் நுழையும் வாய்) வைத்து நிரப்புங்கள். முடிந்தால் டையைச் சாய்த்து, உலோகத்தைக் கோப்பையில் நிறுத்தி, மெல்ல நிமிர்த்தி நிரப்பும் டில்டிங் முறைக்குப் போங்கள். கரண்டியை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடத்தில் கோல்டு ஷட் (இரண்டு ஓட்டம் ஒன்றாக ஒட்டாத) கோடு விழும்.

பிரஷர் டை: எண்கள்

பிரஷர் டையில் உலோகம் கேட்டைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 30 முதல் 50 மீட்டர். மேலே சொன்ன அரை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று உள்ளே மாட்டத்தான் செய்யும். அழுத்தத்தில் அதை நசுக்கிச் சிறிதாக்குகிறோம், அவ்வளவுதான். சாதாரண பிரஷர் டை வார்ப்பை டி6 ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பினால் கொப்பளிப்பது இதனால்தான். 200 டிகிரியில் பவுடர் கோட்டிங் போகும்போதே சில பாகங்கள் உப்பிவிடும்.

ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். எடை 400 கிராம், ஓவர்ஃபுளோ (பாகத்தைத் தாண்டி வழிய விடும் பை) 80 கிராம். கேட் வழியாகப் போவது 480 கிராம். திரவ அடர்த்தி 2.4 என்றால் 200 கன செ.மீ. சுவர் சுமார் 2.5 மி.மீ., நிரப்பும் நேரம் 0.04 விநாடி என்று வைத்துக்கொண்டு, கேட் வேகம் 40 மீட்டர் எடுத்தால், கேட் பரப்பு 200-ஐ 0.04-ஆலும் 4,000-ஆலும் வகுத்தது: 1.25 சதுர செ.மீ., அதாவது 125 சதுர மி.மீ. கேட் கனம் 2 மி.மீ. என்றால் அகலம் 62 முதல் 63 மி.மீ.

பிளஞ்சர் விட்டம் 50 மி.மீ. என்றால் பரப்பு 19.6 சதுர செ.மீ.; அதே 0.04 விநாடியில் நிரப்ப இரண்டாம் கட்ட (டையை நிரப்பும்) வேகம் விநாடிக்குச் சுமார் 2.55 மீட்டர் வேண்டும். ரன்னர், பிஸ்கட் (பிளஞ்சர் முன் மிஞ்சி உறையும் வில்லை) சேர்த்து ஒரு ஷாட் 700 கிராம் என்றால் 292 கன செ.மீ. ஸ்லீவின் பயன்படும் நீளம் 300 மி.மீ. என்றால் கொள்ளளவு 589 கன செ.மீ.; பாதி நிரம்பும். நல்லது. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்லீவில் இருக்கும் காற்றையெல்லாம் பாகத்துக்குள் அனுப்புவோம். பாதி நிரம்பிய இந்த ஸ்லீவில் முதல் கட்ட (உலோகம் கேட்டை எட்டும் வரையான) வேகம் விநாடிக்கு 0.4 மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் அலை முன்னால் ஓடி அடித்துத் திரும்பும், கூடினால் அலை சுருண்டு விழும். இரண்டிலும் காற்று மாட்டும்.

டன் கணக்கு, டை திறக்கும் திசையில் பார்த்த பரப்பை வைத்து: பாகம் 160 சதுர செ.மீ., ரன்னர், ஓவர்ஃபுளோ, பிஸ்கட் 60, மொத்தம் 220. சதுர செ.மீ.க்கு 600 கிலோ அழுத்தம் என்றால் 132 டன். 20% கூட்டினால் 158. 160 டன் மெஷினில் போடத் தோன்றும், போடாதீர்கள். 180 அல்லது 250 டன்னுக்குப் போங்கள். ரன்னரையும் பிஸ்கட்டையும் கணக்கில் சேர்க்காமல் டன் சொல்லும் கொட்டேஷன்கள் உண்டு. அந்த மெஷினில் டை திறந்து பிளாஷ் (இடுக்கில் பிதுங்கும் உலோகம்) அடிக்கும். பக்கவாட்டு ஸ்லைடு (பக்கமாக நகரும் டைத் துண்டு) இருந்தால் அதன் பின் முகத்தில் விழும் விசையும் கணக்கில் வர வேண்டும்.

ஏர் வென்ட் (காற்று வெளியேறும் வெட்டு) ஆழம் 0.10 முதல் 0.15 மி.மீ. ஆழத்தைக் கூட்டினால் உலோகம் தெறிக்கும். ஆகவே அகலத்தைக் கூட்டுங்கள். வென்ட்டைக் கடைசியில் நிரம்பும் இடத்தில் வைக்க வேண்டும். கடைசியில் எது நிரம்பும் என்று ஊகிக்காமல், டை வந்தவுடன் உலோகத்தைக் குறைத்துக் குறைத்து ஊற்றிச் சில அரைகுறை ஷாட் எடுத்துப் பாருங்கள். நிரம்பாத மூலை தானாகவே தெரியும்.

டை எஃகும் பொருத்தமும்

இன்சர்ட்டுக்கு (உலோகம் படும் டைத் துண்டு) எச்.13, கடைகளில் எச்.டி.எஸ். என்றும் எஸ்.கே.டி.61 என்றும் கேட்கலாம், ஒரே குடும்பம்தான். கார்பன் 0.4%, குரோமியம் 5%, மாலிப்டினம் ஒன்றேகால் சொச்சம், வனேடியம் 1%. கடினம் 44 முதல் 48 எச்.ஆர்.சி. (ராக்வெல் அளவு). பெரிய இன்சர்ட்டுக்குக் கீழ் எண், சின்னதுக்கு மேல் எண். 50-ஐத் தாண்டினால் மூலையில் விரிசல் விழும். ஹீட் ட்ரீட்மென்ட்டை வேக்கம் உலையில் செய்யச் சொல்லுங்கள். டையைச் சுற்றியுள்ள ஹோல்டருக்கு இந்த விலை எஃகு தேவையில்லை, இ.என்.8 போதும்.

ஸ்பார்க் ஈரோஷன் (மின்பொறியால் குடைவது) வைத்த இடத்தில் வெள்ளைப் படலம் ஒன்று நிற்கும். உருகி உறைந்த, நொறுங்கும் தோல் அது. எமரிக் கல்லால் அதை முழுதும் தேய்த்து எடுத்து, ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் இறுக்கத்தைத் தளர்த்துவது) செய்த பிறகே மெஷினில் ஏற்ற வேண்டும். டைக்காரர் நேரம் மிச்சம் பிடிக்கும் இடம் இது. சில ஆயிரம் ஷாட்டிலேயே ரிப் ஓரத்தில் விரிசல் வந்தால் பெரும்பாலும் இந்தத் தோலிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

சுருக்க அலவன்ஸ் பிரஷர் டைக்கு 0.5 முதல் 0.6%. உள்சுவர் டிராஃப்ட் (பாகம் கழன்றுவரச் சுவருக்குத் தரும் சாய்வு) ஒரு பக்கம் 1 முதல் 2 டிகிரி, வெளிச்சுவருக்கு அதில் பாதி. உலோகம் உள்ளே இருக்கும் கோர் என்னும் டைப் பகுதியைக் கவ்விக்கொண்டு சுருங்கும், வெளிச்சுவரை விட்டு விலகும் என்பதால்தான் இந்த வேறுபாடு. எஜெக்டர் பின்னுக்கும் (பாகத்தை வெளியே தள்ளும் கம்பி) துளைக்கும் இடைவெளி விட்டத்தில் 0.03 முதல் 0.05 மி.மீ. கூலிங் துளையை முகத்திலிருந்து 20 மி.மீ.க்கு அருகில் கொண்டுவர வேண்டாம்.

டையை வாங்கும்போது கண்ணால் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஒரு பாதியின் மூடும் முகத்தில் நீலப் பசையைக் கைவிரலால் மெல்லியதாகத் தடவி, ஸ்பாட்டிங் பிரஸ்ஸில் (டைப் பொருத்தம் பார்க்கும் பிரஸ்) மூடித் திறக்கச் சொல்லுங்கள். எதிர்முகத்தில் நீலம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாகம் உருவாகும் கேவிட்டிக் குழியைச் சுற்றி அறுபடாமல் ஒரு நீல வளையம் ஓட வேண்டும். வளையம் எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் முதல் நாளே பிளாஷ் வரும். வென்ட் இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் இல்லாமல் இருக்கலாம். ஸ்லைடைப் பூட்டும் வெட்ஜ் முகத்திலும் இதே சோதனை. பெரும்பாலோர் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

குளிர்ந்த டையில் 650 டிகிரி உலோகத்தை அடிக்கவே கூடாது. 180 முதல் 200 டிகிரிக்குச் சூடாக்கி, முதல் சில ஷாட்டை மெதுவான வேகத்திலேயே எடுக்க வேண்டும். ஷாட் அடிக்கும்போது முகத்தோல் விரியப் பார்க்கும், பின்னாலுள்ள எஃகு விடாது. ஸ்பிரே பட்டதும் அதே தோல் இழுபடும். இப்படி ஆயிரக்கணக்கில் நடந்து நடந்து மீன்வலைக் கண்போல் விரிசல் ஓடும். வார்ப்பின் மேல் அது மெல்லிய வரிகளாக எழும்பித் தெரியும். அலுமினியத்துக்கு ஒரு லட்சம் ஷாட் வரை டை உழைக்க வேண்டும். சூடேறிய டையைக் குளிர்விக்கக் கூலிங் லைன் இருக்கும்போது ஸ்பிரே தண்ணீரை வாரி இறைக்கும் பட்டறையில் அந்த எண் பாதியாகிவிடும். ஸ்பிரே டை கோட்டுக்காக; ஊதிக் காய்ந்த பிறகே டை மூட வேண்டும்.

குழியைப் பார்த்து நோயைச் சொல்வது

பாகத்தை அறுத்துப் பாருங்கள். உருண்டையாக, உட்சுவர் மினுமினுப்பாக இருந்தால் வாயுக் குழி: உலோகத்தில் ஹைட்ரஜன், அல்லது ஸ்லீவ் காற்று, அல்லது டையில் தங்கிய தண்ணீர். கரடுமுரடாக, கிழிந்த பஞ்சு போல இருந்தால் ஷ்ரிங்கேஜ்: தடித்த இடத்துக்கு உலோகம் போய்ச் சேரவில்லை, இன்டென்சிஃபிகேஷன் (நிரம்பியதும் ஏற்றும் கடைசி அழுத்தம்) தாமதம், அல்லது கேட் முன்னதாக உறைந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. அறுக்காமலே அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது டையை நோகடிப்பதில்தான் முடியும்.

கடைசலில் டூல் முனை திடீரென்று உடைந்தால், ஏ.டி.சி.12 ஓடும் கடையில் ஸ்லட்ஜ் என்று சந்தேகப்படலாம். இரும்பு சதவீதம், மாங்கனீசு இரண்டு மடங்கு, குரோமியம் மூன்று மடங்கு மூன்றையும் கூட்டுங்கள். 1.8-ஐத் தாண்டினால், ஹோல்டிங் உலை சூடு குறையும்போது கனமான கடினத் துகள்கள் அடியில் இறங்கும். கரண்டி அடியைத் தொடும்போது அவை பாகத்துக்குள் வரும்.

துத்தநாகம் பற்றி ஒன்று. படகின் அடியில், மற்ற உலோகத்துக்குப் பதில் தானே கரைவதற்காக மாட்டும் ஜிங்க் கட்டியை (ஆனோடு) இங்கேயே டையில் ஊற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஊற்றலாம், எளிய வார்ப்பு. ஆனால் உடைந்த சமாக் பாகங்களை உருக்கி ஊற்றாதீர்கள். ஆனோடு துத்தநாகத்தில் அலுமினியம் 0.1 முதல் 0.5% தான், சமாக்கில் அது 4%. இரும்பு 0.005 சதவீதத்துக்கு மேல் போனால் கட்டியின் மேல் தோல் படிந்து அது கரைவதை நிறுத்திவிடும், பிறகு கரைவது புரொப்பெல்லர் தண்டு. ஆகவே இரும்புச் சட்டியில் உருக்கக் கூடாது. கிராஃபைட் மூசை, சுத்தமான இங்காட்.

டையை மழைக்காலத்தில் அடுக்கி வைப்பதில் கவனம் வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கூலிங் துளைகளில் காற்றை ஊதித் தண்ணீரை முழுதும் வெளியேற்றுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் துருவாகிக் குழாயை அடைத்துவிடும், அடுத்த ஓட்டத்தில் அந்த மூலை மட்டும் சூடேறி ஒட்டும். முகங்களை டை கோட் எச்சமில்லாமல் துடைத்து, துரு தடுக்கும் எண்ணெய் அடித்து, கடைசி ஷாட்டை ரன்னர் வெட்டாமல் முழுசாக, ஷாட் எண்ணிக்கையும் தேதியும் எழுதிய அட்டையோடு டையின் மேல் கட்டி வையுங்கள். அடுத்த ஆர்டர் வரும்போது பட்டறைக்காரர் டையைப் பிரிக்கும் முன் அந்த ஷாட்டைத்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: எந்தப் பின் அமுங்கியிருக்கிறது, பிளாஷ் எந்தப் பக்கம், வரி எங்கே எழும்பத் தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.